நோட்டு அட்டையில் வந்த மீன்கொத்தி: ஓர் ஓவியத் தொழிலின் கணக்கு

2022 ஜூன், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். அருப்புக்கோட்டையிலிருந்து அப்பா போன் செய்தார். அவர் அங்கே சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். மே, ஜூன் இரண்டு மாதமும் நோட்டு, பேனா, அட்டை எல்லாம் விற்பார். "பாப்பா, நீ வரைஞ்ச மீன்கொத்தி நம்ம கடைக்கே வந்துருச்சு. நோட்டு அட்டையில போட்டிருக்காங்க. மூணு கட்டு எடுத்து வச்சிருக்கேன். வர்றவங்ககிட்ட எல்லாம் என் மக வரைஞ்சதுன்னு சொல்லித்தான் குடுக்குறேன்" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

நான் நோட்டுக்காக எந்த மீன்கொத்தியும் வரைந்ததில்லை.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதுதான். வெண்மார்பு மீன்கொத்தி, காய்ந்த கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, அலகில் ஒரு கெண்டைக் குஞ்சு. ஆனால் என் படத்தில் அது இடப்பக்கம் பார்க்கும். நோட்டில் வலப்பக்கம் திரும்பியிருந்தது. படத்தைக் கண்ணாடியில் காட்டியது போலத் திருப்பி, கட்டையின் அடியில் நான் போட்டிருந்த சின்னக் கையெழுத்தை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதக் கட்டம் போட்டிருந்தார்கள்.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, அந்தப் படத்தை வரைந்த பறவைப் புத்தக வேலை எப்படி வந்தது, என்ன பேசினோம், எங்கே விட்டோம் என்று முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படம் வரைந்து பிழைக்க வருகிற தம்பி தங்கைகள் கோடு, வண்ணம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பில், உரிமை, பாக்கி பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை ரூபாயில் சொல்ல முடிகிறது என்பதால் சொல்கிறேன்.

வேலை வந்த விதம்

2021 மே மாதக் கடைசி. ஊரடங்கில் இரண்டு மாதமாக வேலை இல்லை. சென்னையில் ஒரு பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். குழந்தைகளுக்கு நம் ஊர் நீர்ப்பறவைகள் பற்றி ஒரு புத்தகம், முழுப்பக்கப் படம் 28. ஒரு படத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "நாங்க வழக்கமா ஆயிரத்து ஐந்நூறு குடுக்குறோம்மா" என்றார்கள். சரி என்றேன். "அட்டைய மட்டும் சும்மா போட்டுக் குடுத்துடுங்க." அதற்கும் சரி என்றேன். எழுத்தில் இருந்தது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி: "28 படம், 1500 வீதம், பறவைப் புத்தகத்துக்கு. அக்டோபருக்குள் வேண்டும்."

அட்வான்ஸ் பற்றிப் பேச்சு வரவில்லை. எத்தனை கரெக்‌ஷன் என்று பேச்சு வரவில்லை. பணம் எப்போது என்று கேட்டிருக்கலாம். வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம். முக்கியமாக, இந்தப் படங்களை வேறு எதற்கும் பயன்படுத்துவீர்களா என்ற கேள்வி என் மனதிலேயே தோன்றவில்லை. படம் வரைகிறோம், காசு தருகிறார்கள், முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலையை ஆசையாகத்தான் செய்தேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு விடிகாலையில் பஸ் பிடித்துப் போய் நீலத் தாழைக்கோழி நடக்கிற நடையைப் பார்த்து ரஃப் போட்டுக்கொண்டு வருவேன். அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் எனக்குப் பிடித்த படங்கள் இருக்கின்றன. ஆனால் சங்குவளை நாரை ஒன்றை மட்டும் ஏழு முறை மாற்றினேன். கால் இன்னும் சிவப்பாக வேண்டும், இறகில் அந்த இளஞ்சிவப்பு குறைய வேண்டும், தண்ணீர் இவ்வளவு பச்சை வேண்டாம், குஞ்சு ஒன்று சேர்க்க முடியுமா. கடைசியில் மூன்றாவதாக அனுப்பியதையே போட்டார்கள். மாற்றுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்லாததால் அவர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் அவர்கள் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 20-ஆம் தேதி எல்லாக் கோப்புகளையும் கொடுத்தேன். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ தெளிவு, அச்சுக்கு ஏற்ற வண்ண முறை, பறவை, பின்னணி என்று தனித்தனியாக இருக்கும் அடுக்குகளை (லேயர்) ஒன்றாக்காத மூலக் கோப்புகள் வரை. மூலக் கோப்பைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அதன் அர்த்தம் பின்னால்தான் புரிந்தது. மூலக் கோப்பு கையில் இருந்தால் பின்னணியை எடுத்துவிட்டுப் பறவையை மட்டும் தனியாக எடுக்கலாம், திருப்பலாம், எதன் மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். வெறும் படத்தைக் கொடுத்தால் அது இவ்வளவு சுலபம் இல்லை.

பணம் 2022 பிப்ரவரியில் வந்தது. நான்கு மாதம். நடுவில் ஏழெட்டு முறை போன் செய்திருப்பேன். "என்னம்மா, காசு எங்க போகப்போகுது?"

102 ரூபாய்

மீன்கொத்தி நோட்டைப் பார்த்த அந்த ராத்திரி நான் செய்த முதல் வேலை நேரத்தைக் கூட்டியது. ஐபேடில் ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியை வைத்து வரைகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒவ்வொரு கோப்புக்கும் எவ்வளவு நேரம் வரைந்தோம் என்று அதுவே கணக்கு வைத்திருக்கும். கோப்பின் விவரங்களைத் திறந்தால் மணி, நிமிடம் எல்லாம் காட்டும். அட்டையோடு சேர்த்து 29 கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினேன். 331 மணி நேரம். பதிப்பகத்துக்குப் போய் வந்தது, பள்ளிக்கரணை, போன் பேச்சு எல்லாம் உத்தேசமாக 44. கரெக்‌ஷனுக்காகத் தனிக் கோப்பு திறந்து செய்தது 37. மொத்தம் 412 மணி நேரம்.

42,000-ஐ 412-ஆல் வகுத்தால் மணிக்கு 102 ரூபாய்.

அடுத்த பக்கத்தில் ஒரு மாதம் வாழ எனக்கு எவ்வளவு ஆகிறது என்று எழுதினேன். வாடகையில் என் பங்கு 8,500. சாப்பாடும் வீட்டுச் செலவும் 9,000. பஸ், போன், இணையம் 2,800. ஐபேட் தவணை 3,700. மென்பொருள், தாள், வண்ணம், ரிப்பேர் 1,500. மருத்துவக் காப்பீடு 900. ஊருக்கு அனுப்புவது 4,000. கூட்டினால் 30,400. வேலை இல்லாத மாதத்துக்கும், அடுத்த ஐபேடுக்கும், வரிக்கும் ஒதுக்க 9,600 சேர்த்தால் 40,000.

மாதத்துக்கு 25 நாள், நாளுக்கு 8 மணி என்று 200 மணி நேரத்தால் அதை வகுத்துவிட்டால் மணிக்கு 200 ரூபாய் போதும் என்று தோன்றும். அங்கேதான் நான் உட்பட நிறையப் பேர் ஏமாந்து போகிறோம். 200 மணி நேரமும் காசு தரும் வரைதல் நடக்காது. மெயில் எழுதுவது, கொட்டேஷன் போடுவது, பாக்கி கேட்பது, வேலை தேடுவது, பழகுவதற்காக வரைவது, இதற்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். மூன்று மாதக் காலண்டரைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். காசு வரும் வேலைக்கு எனக்குக் கிடைத்தது மாதத்துக்குச் சராசரியாக 96 மணி நேரம்தான். 40,000-ஐ 96-ஆல் வகுத்தால் 417 ரூபாய். அதுதான் என் அடிமட்ட விலை. அதில் லாபம் என்று ஒன்றும் இல்லை, மூழ்காமல் மிதக்கலாம், அவ்வளவுதான்.

அந்த விலையில் பறவைப் புத்தகத்துக்கு 1,71,804 ரூபாய் ஆகியிருக்கும். தமிழில் 2,000 பிரதி அச்சிடும் ஒரு சின்னப் பதிப்பகத்தால் அதைக் கொடுக்க முடியாது. இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கு வெறும் புலம்பல். கொடுக்க முடியாதவரிடம் விலையைப் பாதியாகக் குறைப்பதற்குப் பதில் வேலையைக் குறைக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. 28 முழுப்பக்க வண்ணப் படத்துக்குப் பதில் 10 முழுப்பக்கம், மீதி 18 சின்னக் கோட்டுப் படம் என்று சொல்லியிருந்தால் புத்தகம் கெட்டுப் போயிருக்காது. இன்னும் சொல்லப்போனால் பக்கங்களில் காற்றோட்டம் வந்திருக்கும்.

அந்த 4,200 ரூபாய்

இது இடையில் நடந்த ஒரு சின்ன விஷயம். 42,000 வர வேண்டிய இடத்தில் 37,800 வந்தது. 4,200 ரூபாயைப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது என்று ஆறு மாதம் மனதுக்குள் கோபத்தோடு இருந்தேன். கேட்கவில்லை. பிறகு தோழி ஒருத்தி, ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவள், "அது டிடிஎஸ், உன் பேர்லதான் கவர்மென்ட்ல கட்டியிருப்பாங்க" என்றாள். டிடிஎஸ் என்றால், பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வரி. வருமான வரித் தளத்தில் என் பான் எண்ணை வைத்து 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அப்போது ஒரு நிதியாண்டில் 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள்; 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 50,000. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். அந்த ஆண்டு என் மொத்த வருமானமே 2 லட்சத்துப் பத்தாயிரம். வரி கட்ட வேண்டிய அளவே இல்லை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்பி வரும். தாமதமாகத் தாக்கல் செய்ய 2022 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. செய்தேன், 4,200 ரூபாயும் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பிடித்ததை நான் கவனிக்கவே இல்லை. அது போனதுதான்.

சட்டத்தில் என் மீன்கொத்தி

கல்லூரித் தோழியின் அண்ணன் மதுரையில் வக்கீல். நோட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். என் படம் என்னுடையது, அவர்கள் திருடிவிட்டார்கள் என்ற உறுதியோடு போனேன். அவர் இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எழுத்துல என்னம்மா இருக்கு?"

வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன்.

அவர் சொன்னதை நான் பிறகு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்துச் சரிபார்த்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நான்கைந்து பிரிவுகள் அதில் இருக்கின்றன. 17-ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று ஆரம்பிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே விதிவிலக்குகள். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்தால் முதலாளிக்கு. அதைவிட முக்கியமாக இன்னொன்று: புகைப்படம், பெயின்டிங், உருவப்படம், செதுக்குப் படம், திரைப்படம் இவற்றை ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர்.

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஒப்பந்தம் போடாமல் இருந்தால் உரிமை நம்மிடமே இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே ஒப்பந்தம் இல்லாமல் போனால் அது எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாகலாம்.

"ஆகலாம்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், டிராயிங் என்ற சொல் அந்த விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. அதே சட்டத்தில் கலைப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் பெயின்டிங் தனியாகவும் டிராயிங் தனியாகவும் வருகின்றன. அப்படியானால் ஐபேடில் கோடு போட்டு வண்ணம் நிரப்பிய என் மீன்கொத்தி எது? "நான் உனக்காக வாதாடினா டிராயிங்னு சொல்வேன். அவங்க வக்கீல் பெயின்டிங்னு சொல்வார்" என்றார் அண்ணன். வழக்கு நடத்த ஆகும் செலவு நோட்டு விற்ற காசை விடப் பல மடங்கு ஆகும் என்பதையும் சொன்னார்.

எனக்குச் சாதகமான பக்கமும் இருந்தது. 19-ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பிரதேசம் என்று சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வாட்ஸ்அப் செய்தியிலோ "பறவைப் புத்தகத்துக்கு" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருந்த பலம். அதையும் நான் கேட்டு வாங்கவில்லை, தற்செயலாக வந்தது.

அப்புறம் 57-ஆம் பிரிவு. உரிமையை விற்றுவிட்டாலும், இது நான் வரைந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். மானத்துக்கோ பெயருக்கோ கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் முடியும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்த பாகங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. என் பறவையைத் திருப்பிப் போட்டதை அந்த அளவுக்குச் சிதைவு என்று சொல்ல முடியாது. கையெழுத்தை வெட்டியதைக் கேட்கலாம் என்றார் அண்ணன்.

பேசித் தீர்த்தது

நோட்டீஸ் அனுப்பவில்லை. நானே ஒரு கடிதம் எழுதினேன், அண்ணன் திருத்திக் கொடுத்தார். கோபமான சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதச் சொன்னார். புத்தகத்துக்காகப் பேசிய படம் நோட்டில் வந்திருக்கிறது, அதற்குத் தனியாகப் பேசவில்லை, எத்தனை நோட்டு அச்சிட்டீர்கள், இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று மட்டும்.

பதிப்பகத்தில் நேரில் வரச் சொன்னார்கள். முதலாளி எழுபது வயதை நெருங்கியவர். "நாங்க காசு குடுத்து வாங்கின படம்தானேம்மா? நம்ம மச்சான் நோட்டு போடுறாரு, கேட்டாரு, குடுத்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காசு கொடுத்தால் படமே தன்னுடையது என்று அவர் நிஜமாகவே நம்பினார். நானும் ஒரு வருடத்துக்கு முன்பு, காசு வந்தால் முடிந்தது என்றுதானே நினைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை இரண்டு பேரும் பேசாமல் விட்டிருக்கிறோம்.

20,000 நோட்டு அச்சாகியிருந்தது. நான் 40,000 ரூபாய் கேட்டேன். பேசிப் பேசி 18,000-க்கு வந்தது, நோட்டுக்கு 90 காசு. கூடவே மூன்று விஷயம் எழுத்தில் வாங்கினேன்: அடுத்த பதிப்பில் என் பெயர் உள் பக்கத்தில் வரும்; புத்தகம் தவிர வேறு எதற்கும் என் எழுத்து மூலமான அனுமதி வேண்டும்; மூலக் கோப்புகளை வெளியே கொடுக்க மாட்டார்கள். ஒரே பக்கம்தான். அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். அந்தத் தாள் 18,000 ரூபாயை விடப் பெரியது.

வெளியே வரும்போது, "இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அடுத்த வேலை: தேயிலை டப்பா

வார இதழ்களுக்கு முப்பது வருடம் படம் போட்ட ஓர் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, விலை கேட்டால் உடனே சொல்லாதே, மூன்று கேள்வி கேள்: எதில் போடுவீர்கள், எங்கே விற்பீர்கள், எத்தனை நாளைக்கு. இரண்டாவது, "விலைய சொன்னப்புறம் வாய மூடிக்கோ. நீ பேசினா நீயே கொறைச்சிருவ."

2023 ஜனவரியில் அதைச் செய்து பார்க்க வாய்ப்பு வந்தது. கோவையிலிருந்து ஒரு தேயிலை நிறுவனம். ஆறு படம், முழு உரிமையும் வேண்டும், உலகம் முழுக்க, நிரந்தரமாக, 60,000 ரூபாய். பழைய நானாக இருந்தால் ஒரு படத்துக்குப் பத்தாயிரமா என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டிருப்பேன்.

மூன்று கேள்வியையும் மெயிலில் அனுப்பினேன். பதில் வந்தபோது தெரிந்தது, அவர்களுக்குத் தேவை டப்பாவும் கடையில் ஒட்டும் போஸ்டரும்தான். விற்பது தமிழ்நாடு, கேரளாவில். டப்பாவின் தோற்றத்தை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்களாம். உலகம் முழுக்க, நிரந்தரமாக என்பது யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகம். அதனால் கொட்டேஷனில் இரண்டு விலை கொடுத்தேன். டப்பாவும் போஸ்டரும் மட்டும், இந்தியாவுக்குள், இரண்டு ஆண்டு: 72,000. எல்லா உரிமையும் நிரந்தரமாக: 2,10,000. அனுப்பிவிட்டு அக்கா சொன்னபடி பேசாமல் இருந்தேன். ஐந்து நாள். ஐந்து நாளும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆறாம் நாள் 72,000-க்குச் சரி என்று வந்தது.

அந்தக் கொட்டேஷனில் இருந்த மற்ற வரிகள் எல்லாமே பறவைப் புத்தகத்தில் அடிபட்டு வந்தவை. வேலை தொடங்கும் முன் பாதிப் பணம். ரஃப் ஒப்புக்கொண்டதும் கால் பங்கு. மீதி வந்த பிறகுதான் அச்சுக்கான 300 டிபிஐ கோப்பு. அதுவரை என் பெயர் குறுக்கே போட்ட சின்ன அளவுப் படம். ரஃபில் இரண்டு முறை மாற்றலாம், வண்ணம் போட்ட பிறகு ஒரு முறை, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. நடுவில் வேலையை நிறுத்தினால் ரஃப் வரை முடிந்த படத்துக்கு 40 சதவீதம். மூலக் கோப்பு தர மாட்டேன். பின்னால் இன்னொரு வரியும் சேர்த்தேன்: செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க இந்தப் படங்களைக் கொடுக்கக் கூடாது. சட்டத்திலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு விதி உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதாத வரை, உரிமை போகாது. இருந்தாலும் எழுதிவிடுவது நல்லது.

ஆறில் ஒரு படத்தை நடுவில் வேண்டாம் என்றார்கள். 12,000-க்கு 40 சதவீதம், 4,800 கேட்டேன். எந்தப் பேச்சும் இல்லாமல் கொடுத்தார்கள். முன்கூட்டியே எழுதியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயத்துக்கு நான் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்! 2025 ஜனவரியில் இரண்டு ஆண்டு முடிந்தது. ஒரு மாதம் முன்பே நினைவூட்டினேன். அதே டப்பாவை இன்னும் ஓர் ஆண்டு ஓட்ட 30,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு கோடுகூடப் புதிதாக வரையாமல் வந்த வருமானம் அது.

அவர்களுடைய கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டி எண் கேட்டார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை, வேறு மாநிலத்துக்குச் செய்தாலும் அப்படித்தான் என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறேன். பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது.

பாக்கி

எல்லாம் சுலபமாகிவிடவில்லை. 2023 டிசம்பரில் ஒரு விளம்பர நிறுவனத்துக்குச் செய்த வேலை, 38,000 ரூபாய் பில். பெரிய நிறுவனம் என்பதால் கோப்பை முதலிலேயே கொடுத்துவிட்டேன். 45 நாள் என்று பேச்சு. 80 நாள் ஆகியும் பணம் வரவில்லை.

அதற்குள் நான் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்திருந்தேன். ஆதார், பான் இரண்டும் இருந்தால் போதும், அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். வேலை செய்வதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பது முக்கியம். பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் நமக்குப் பொருந்தும். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு கடிவாளமும் வந்திருந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுத்து முடிக்கிற வரை வாங்கியவர் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

2024 மார்ச் முதல் வாரம் உத்யம் எண்ணோடு ஒரு மெயில் அனுப்பினேன். மிரட்டவில்லை. பதிவு எண், பில் தேதி, 45-ஆம் நாள் எந்தத் தேதி என்று மூன்று வரி. வாரக்கணக்கில் என் போனை எடுக்காத கணக்குப் பிரிவிலிருந்து மறுநாள் காலை அவர்களே அழைத்தார்கள். "மேடம், மார்ச் முடியறதுக்குள்ள போட்டுடறோம்." 11-ஆம் தேதி வந்துவிட்டது. இப்போது என் எல்லா பில்லிலும் தேதிக்குக் கீழே அந்த எண் இருக்கிறது.

வேலை போனதும் உண்டு. கொட்டேஷனைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் பதிலே போடவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "பெரிய ஆளாயிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அது வலித்தது. இன்னமும் சில சமயம், கேட்டது அதிகமோ என்று படுத்துக்கொண்டு யோசிப்பேன். அப்போதெல்லாம் 412 என்று எழுதிய அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்கிறேன். 2021-22-இல் நான் வரைந்தவை கிட்டத்தட்ட 190 படம், வந்தது 2 லட்சத்துப் பத்தாயிரம். 2023-24-இல் 118 படம், 5 லட்சத்து அறுபதாயிரம். கைவலி குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணைக்கு மறுபடியும் போக முடிகிறது.

இரண்டாம் பதிப்பு

பறவைப் புத்தகம் 2024-இல் மறுபதிப்பு வந்தது. அதே பதிப்பகம்தான். இந்த முறை முதலாளியே தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, என்னென்ன எழுதணும்?" என்றார். புதிதாகப் பணம் எதுவும் கேட்கவில்லை. அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக விலையில் 5 சதவீத ராயல்டி கேட்டேன். விலை 180 ரூபாய். பிரதிக்கு 9 ரூபாய். முதல் ஆறு மாதத்தில் 640 பிரதி விற்று 5,760 ரூபாய் வந்தது. கணக்குத் தாளைப் பதிப்பகத்துப் பையனே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. சங்குவளை நாரையை என் விருப்பப்படி எட்டாவது முறையாக வரைந்து கொடுத்தேன். அதை அவர்கள் கேட்கவில்லை, எனக்காகச் செய்தேன்.

அப்பாவிடம் நோட்டு விஷயத்தை அந்த மறுபதிப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோதுதான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கல்லாவுக்குக் கீழே இருந்து பற்று வரவு நோட்டை எடுத்தார். முப்பது வருடமாக ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் தேதி போட்டு எழுதி, வாங்கியவரையே பக்கத்தில் கையெழுத்துப் போட வைத்த நோட்டு. "சொந்தத் தம்பிக்குக் குடுத்தாலும் நான் எழுதித்தானே குடுப்பேன். நீ பாத்துக்கிட்டேதானே வளந்த" என்றார். அப்புறம் புதிதாக ஒரு நீள நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்த நோட்டில்தான் இப்போது எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு படம்: யாருக்கு, எதில், எங்கே, எந்தத் தேதி வரை. மீன்கொத்தியின் பக்கத்தில் கடைசியாக எழுதியது போன வாரம். திருப்பூரில் குழந்தைகள் சட்டை தைக்கும் ஒரு நிறுவனம் கேட்டிருக்கிறது. ஒரு சீசன், சட்டையில் மட்டும், பறவை இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று எழுதி விலை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.